எண்ணெயில் கேட்ட சத்தம்

"இந்தக் கத்திய உடைச்சுப் பாத்துடலாம்க்கா" என்று ஜோதிகா சொன்னபோது எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. நான் கேட்டது சரிதானா என்றே சந்தேகமாக இருந்தது. உடைக்கச் சொன்னது என் கத்தியை. சொன்னது, எங்கள் குழுவில் சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத ஜோதிகா.

நான் ஹேமாவதி. வீடு காட்டுப்பாக்கத்தில். வேலை, மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் செய்த தப்பைத் தேடிப் பிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். அதையே ஓசியில் செய்ய ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பத்தூருக்குப் போகிறேன். கன்னியப்பன் அண்ணனின் லேத் பட்டறைக்கு அன்று லீவு. நாங்கள் நாலு பேர் அங்கே கூடிச் சமையல் கத்தி செய்கிறோம். விற்பதற்காக இல்லை, எல்லாம் ஆசைதான். அமல்ராஜ் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருவார். ஜோதிகா திருநின்றவூரிலிருந்து ரயில் பிடித்து வருவாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கொடுக்கப்போகும் கத்தி என்றால் ஒன்றாகச் செய்யக் கூடாது, இரண்டாகச் செய்ய வேண்டும். லாரி ஸ்பிரிங்கின் ஒரே இரும்புப் பட்டையில் வெட்டி, ஒரே உலையில் பழுக்கவைத்து, ஒரே எண்ணெயில் முக்கிய இரட்டைகள். அதில் ஒன்றை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கவ்வ வைத்து நடுவில் உடைப்போம். உடைந்த இடம் நைஸாகச் சாம்பல் நிறத்தில் இருந்தால் மற்றதற்குக் கைப்பிடி போடலாம். சர்க்கரை மாதிரி பொரபொரவென்று இருந்தால் இரண்டுமே குப்பைக்கு. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். அதை மீறியவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கே கிடையாது.

"உடைக்கிறதா? இதோட ஜோடிய போன மாசமே உடைச்சாச்சு. நீயும்தானே பாத்த?" என்றேன்.

"பாத்தேன்க்கா. அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா…"

"ஆனா என்ன? இன்னிக்குச் சாயங்காலம் என் பொண்ணு கைல குடுக்கப்போறேன். கனிமொழிக்குப் பன்னெண்டு முடியுது. அவ கைய அளவெடுத்துக் கைப்பிடி இழைச்சிருக்கேன். கேக் வெட்றதே இதாலதான்னு ஸ்கூல் முழுக்கச் சொல்லிவெச்சிருக்கா. கடைசியா ஒரு தடவ சாணை பிடிக்கக் கொண்டுவந்தா, உடைக்கச் சொல்ற!"

பட்டறை முழுக்க என் சத்தம்தான். கன்னியப்பன் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஜோதிகா அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வழக்கமாக அழுவாள். இந்த முறை அழவில்லை.

"பாப்பாவுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியும். அதனாலதான் சொல்றேன்" என்றாள். "எண்ணெய்ல முக்கும்போது இதுல ஒரு சத்தம் கேட்டுச்சுக்கா. டிக்னு. சின்னதா."

பழுத்த இரும்பு எண்ணெயில் இறங்கும்போது புஸ்ஸென்று பொங்கும், அது சகஜம். டிக் என்று கேட்டால் விரிசல். கத்தி செய்கிறவர்கள் கேட்கவே விரும்பாத சத்தம் அது ஒன்றுதான். ஆனால் அன்றைக்கு நான் அப்படி எதையும் கேட்கவில்லை. எண்ணெய்த் தொட்டிக்கு ஓர் அடி தள்ளி நின்றிருந்தேன். இடுக்கியும் என் கையில்தான் இருந்தது.

"ஒரு மாசம் கழிச்சு வந்து கதை சொல்றியா?"

"அப்போ நிச்சயமாத் தெரியலக்கா. போன வாரம் என் கத்தியில அதே சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்குக் கொண்டுபோய் லேசா வளைச்சேன், கைப்பிடிகிட்ட முறிஞ்சிடுச்சு. அப்பத்தான் புரிஞ்சுது." பையைத் திறந்து அந்த இரண்டு துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். நான் அதைப் பார்க்கவே இல்லை.

அவளைப் பொய்யாக்கிவிட வேண்டும் என்ற வெறியில்தான் வைஸ் பக்கம் போனேன். அதில் சத்தியமாக வேறு நல்லெண்ணம் எதுவும் கிடையாது. கத்தியின் அலகைத் துணியில் சுற்றி, கைப்பிடி மட்டும் வெளியே இருக்கும்படி இறுக்கினேன். நல்ல கத்தி என்றால் கைப்பிடியில் இரும்புக் குழாய் மாட்டி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கினால்தான் உடையும். கன்னியப்பன் அண்ணன் குழாயை எடுத்து நீட்டினார்.

"இருங்கண்ணே, மொதல்ல கையால ஒரு தள்ளு தள்றேன்" என்று கைப்பிடியைப் பிடித்து அழுத்தினேன்.

அழுத்தினேன் என்று சொல்வதுகூட அதிகம். பிஸ்கட்டை ஒடிக்கிற அளவுதான் பலம் கொடுத்திருப்பேன். பட்டென்று முறிந்து கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. வேகத்தில் நான் ஓரடி முன்னால் தள்ளாடினேன்.

உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பினேன். முக்கால் பாகம் கன்னங்கரேல் என்று இருந்தது. மேல் ஓரத்தில் கால் பாகம் மட்டும் புதுசாக மின்னியது. கறுப்பாக இருந்தது பழைய விரிசல். அன்றைக்கே பிளந்து, எண்ணெய் உள்ளே இறங்கி, அப்புறம் இரும்பின் விறைப்பைக் குறைக்க அடுப்பில் வைத்தபோது இரண்டு மணி நேரம் வெந்து கறுத்திருக்கிறது. அதன்மேல் பொருத்தமாக மரத்தை ஒட்டி, மெழுகு தேய்த்து மூடிவிட்டேன். ஒரு மாதமாக இந்தக் கத்தியை அந்தக் கால் பாகம்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

விரிசல் ஆரம்பித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அலகும் கைப்பிடியும் சேரும் உள்மூலை. அங்கே கூர்மையாக விடக் கூடாது, வட்ட அரம் போட்டு வளைவாக்க வேண்டும், கூர்மூலையில்தான் இரும்பு பிளக்கும். வருகிற எல்லோருக்கும் முதல் நாளே நான் நடத்துகிற பாடம் இது. இதை மறந்ததற்காக ஜோதிகாவை மூன்று முறை திட்டியிருக்கிறேன். என் கத்தியின் உள்மூலை சதுரமாக இருந்தது. ஜோடியை நடுவில்தான் உடைத்தோம் என்பதால் இந்த இடம் யார் கண்ணிலும் படவில்லை.

கேக் பரவாயில்லை, மெத்தென்று இருக்கும். ஆனால் அடுத்த நாளே பூசணிக்காயை வெட்டுகிறேன் என்று எடுத்திருப்பாள். முறிந்த அலகு எந்தப் பக்கம் தெறித்திருக்கும்? யோசிக்கவே முடியவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் அன்னிக்கே சொல்லல, ஜோதிகா?"

"சொன்னா திட்டுவீங்கக்கா" என்றாள். கோபமோ குத்தலோ இல்லாமல், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

அமல்ராஜ் தொண்டையைச் செருமினார். "எனக்கும் கேட்டுச்சு மேடம்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "பக்கத்துலயே நிக்கிறீங்க, உங்களுக்குக் கேக்காம இருக்குமான்னு விட்டுட்டேன். சொன்னா அந்த மாசம் பூரா முகம் குடுத்துப் பேச மாட்டீங்களோன்னும் இருந்துச்சு."

நான் கன்னியப்பன் அண்ணன் பக்கம் திரும்பினேன். இல்லை என்று சொல்லிவிடுவார் என்று ஆசையாக இருந்தது.

"எனுக்குங்கூடக் கேட்டுச்சும்மா" என்றார். "இன்னாத்துக்கு வம்புன்னு கம்முனு இருந்துட்டேன். என் தப்புதான்."

மூன்று பேருக்கும் கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போனது?

"நீ அப்போ இந்தப் பொண்ண வுட்டு வாங்கிகினு இருந்தியேம்மா" என்றார் அண்ணன். "உலைக் கதவ மூடலன்னு. அந்தச் சத்தத்துல உனுக்கு எங்க கேக்கும்?"

ஞாபகம் வந்தது. கத்தியைத் தொட்டியில் இறக்கிவிட்டு, தலையைத் திருப்பி ஜோதிகாவைப் பிடிபிடியென்று பிடித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு ஒரே ஒரு நிமிடம் நின்றிருந்தால் எனக்கும் கேட்டிருக்கும்.

இப்போது இவர்கள் என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. நாலு வார்த்தை கேட்டால் மனசு ஆறும். ஒருவரும் திட்டவில்லை. அமல்ராஜ் எனக்கு டீ வாங்கிவந்தார். ஜோதிகா ஒரு புதுப் பட்டையை எடுத்து, சாக்பீஸால் கனிமொழியின் கத்தியை வரைந்து, உள்மூலையில் வட்ட அரத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். நான் செய்யச் சொல்லவே இல்லை. கன்னியப்பன் அண்ணன் எண்ணெய்த் தொட்டிக்கு மேலே சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 'கத்தி இறங்கினா நூறு எண்ணுற வரைக்கும் ஒருத்தரும் பேசக் கூடாது.' யார் பெயரையும் போடவில்லை. போட்டிருந்தாலும் தப்பில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம முடிச்சுடலாம்மா. நாங்கல்லாம் கீறோமில்ல" என்றார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வீடு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. என் கணவர் வெங்கட் கேக் டப்பாவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கனிமொழி புதுப் பாவாடை சட்டையில் ஓடிவந்து, "அம்மா, எங்க? காட்டு" என்றாள்.

வழி நெடுக யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "கத்தி உடைஞ்சிடுச்சு கண்ணு" என்றேன்.

ஏமாற்றத்தில் உதட்டைப் பிதுக்குவாள், காலை உதைத்து அடம்பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் வேணும்னு போடலம்மா" என்றாள். "செவ்வாய்க்கெழம பீரோலேர்ந்து எடுத்தேன். சும்மா பாக்கத்தான் எடுத்தேன். கை வழுக்கி விழுந்துடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சும்மா, அப்படியே திரும்ப வெச்சுட்டேன். உடைஞ்சிருக்கும்னு தெரியாது. ப்ராமிஸா தெரியாதும்மா."

சொல்லிக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். நான் கையை நீட்டினேன். அவள் வெங்கட்டின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஐந்து நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டு இந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு மெதுவாகப் பேச முடியுமோ அவ்வளவு மெதுவாக, "நீ உடைக்கல கண்ணு. அம்மாதான் தப்பா செஞ்சுட்டேன். செய்யும்போதே அது உடைஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் நம்பவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல் தலையை மட்டும் நீட்டி, "நெஜமாவே திட்ட மாட்டியா?" என்று கேட்டாள்.