ஆறு டெசிபல்

பல் டாக்டர் வீட்டு ஹாலில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ஆள், முட்டிக்கு அடியில் மடித்த டவலை நகர்த்தி நகர்த்தி, சுவரோரமாகக் கைக்குழந்தை மாதிரி போய்க்கொண்டிருந்தேன். சோபாவின் நடுவில், டாக்டர் உட்கார வேண்டிய இடத்தில், கனத்த ஓசைக்கான சப்வூஃபர் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்து 'ம்ம்ம்' என்று ஒரே ஓசையை விட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சார் இது? பெட்டி சோபாவுல, நீங்க தரையில?" என்றார் டாக்டர்.

"இப்போதைக்கு அந்தப் பெட்டிதான் நீங்க. நான்தான் பெட்டி. எனக்கு எந்த இடத்துல பேஸ் நல்லாக் கேக்குதோ, அங்க பெட்டிய வெச்சா சோபாவுல உங்களுக்கு நல்லாக் கேக்கும்."

"கடையில மூலையில வைக்கச் சொன்னாங்களே?"

"வைக்கலாம். அண்டாவுக்குள்ள தலைய விட்டுக்கிட்டுப் பேசற மாதிரி கேக்கும். பரவாயில்லையா?"

வாடிக்கையாளரிடம் இப்படி எடுத்தெறிந்து பேசாதே என்று என் மனைவி தலைபாடாக அடித்துக்கொள்வாள். என்ன செய்ய, கடைக்காரன் பேச்சைக் கேட்டு மூலையில் திணித்துவிட்டு, அலமாரிக் கண்ணாடி நடுங்குகிறது என்று என்னைக் கூப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஜன்னல் பக்கச் சுவரில், மூலையிலிருந்து மூன்றடி தள்ளிப் போனபோது ஓசை உருண்டு திரண்டு நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. "இங்கதான்" என்றேன். அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி இருந்தது. டாக்டரின் மனைவிக்கு அதை எடுக்க மனசே இல்லை. ஆனாலும் எடுத்தார்.

தொழிலில் எனக்குக் காதுக்காரர் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் வைத்துக் கொடுக்கிறேன். மற்றவர்கள் மைக்கை நட்டு, லேப்டாப்பில் கோடு பார்த்து வைப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வைப்பேன். என் மனைவியும் கூடவே வருவாள். ஒயர் இழுப்பது, ஆம்ப்ளிஃபையரில் எண்களைத் தட்டுவது, கடைசியில் வீட்டுக்காரருக்கு ரிமோட் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவள். சத்தத்தை அளக்கிற மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறாள், டார்ச் லைட் அளவுக்கு. அதை விளையாட்டுச் சாமான் என்று கேலி செய்வேன். அன்றைக்கு அவளுக்கு இடுப்புப் பிடிப்பு. எட்டு மாதத்தில் முதல் முறையாக நான் தனியாக வேலைக்கு வந்திருந்தேன். அவளுடைய பையை மட்டும் எடுத்து வந்திருந்தேன்.

அடுத்து டிவிக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள். அவை இரண்டும் சோபாவும் சேர்ந்து சரியான முக்கோணமாக இருக்க வேண்டும். டேப் பிடித்து அளந்தேன், இரண்டு பக்கமும் ஒன்பதடி. உயரம் உட்கார்ந்த ஆளின் காது மட்டம். முகத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகத் திருப்பினேன். இனி மிச்சம் இருந்தது நான் பேர் வாங்கின வேலை. ஒரு ஆளின் பேச்சை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி ஓட விட வேண்டும். நன்றாக வைத்திருந்தால் பேச்சு இரண்டிலிருந்தும் வராது. நடுவில், டிவிக்குள் அந்த ஆள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

கண்ணை மூடிக் கேட்டேன். பேச்சு வலது பக்கம் சாய்ந்திருந்தது. சில வீடுகளில் அப்படித்தான். கொஞ்ச நாளாகவே எல்லா வீட்டிலும் அப்படித்தான். இப்போது கட்டுகிற வீடுகளின் லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன். இடது ஸ்பீக்கரைக் கூட்டினேன், இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பேச்சு நகர்ந்து நகர்ந்து நட்ட நடுவில் வந்து நின்றது.

"வாங்க டாக்டர், உட்காருங்க" என்றேன் பெருமையாக.

அவர் உட்கார்ந்து தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு குறுக்கே போன அவர் மனைவி நின்றுவிட்டார்.

"ஏங்க, அந்த ஆளு ஏன் ஜன்னலோரமா நின்னு பேசறாரு?"

ஜன்னல் இருந்தது இடது பக்கம்.

"நீங்க நின்னுக்கிட்டுக் கேக்கறீங்கம்மா. உட்கார்ந்து கேக்கணும்" என்றேன்.

"உட்கார்ந்தாலும் அப்படித்தான் இருக்கு" என்றார் டாக்டர் மெதுவாக.

"நாள் பூரா டிரில் மெஷின் சத்தத்துல நிக்கற காது டாக்டர் உங்களோடது. தப்பா நினைக்காதீங்க."

"அது சரி. இவ காது?"

அந்த அம்மாவை உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பேச்சு எங்கிருந்து வருகிறது என்று கையை நீட்டச் சொன்னேன். துணி மூட்டையை மடியில் வைத்தபடி, ஒரு நொடி கூட யோசிக்காமல், இடது ஸ்பீக்கரைக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருட வேலையைத் துணி மடிக்கிறவர் வந்து திருத்துகிறாரா?

"சார், பல்லைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சிடும். ஆனாலும் நான் எக்ஸ்ரே எடுக்காம கை வைக்கறதில்ல" என்றார் டாக்டர். "உங்ககிட்ட அப்படி ஏதாவது இருக்கா?"

அவர் வாயை அடைக்கவே மீட்டரை வெளியே எடுத்தேன். சோபாவில், தலை இருக்கும் உயரத்தில் பிடித்து, இடது ஸ்பீக்கரை மட்டும் ஓட விட்டேன். எழுபத்தொன்பது. வலதை மட்டும் ஓட விட்டேன். எழுபத்து மூன்று.

ஆறு டெசிபல். எங்கள் தொழிலில் இது சின்ன வித்தியாசம் இல்லை. ஒரு ஸ்பீக்கரை ஒன்பதடியிலிருந்து நாலரை அடிக்கு இழுத்து வைத்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில்கூட நான் இப்படித் தவறு செய்ததில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றேன். டிவி ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். எழுபத்தொன்பது, எழுபத்து மூன்று. டாக்டர் மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்போது ஒன்று தோன்றியது. சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைக் கொண்டு வந்து சோபாவுக்கு முன்னால் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கோளாறு அறையில் இருந்தால், நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேச்சு நடுவிலேயே நிற்க வேண்டும். கண்ணை மூடினேன்.

பேச்சு நடுவில் இல்லை. ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கரில், இப்போது என் வலது காதின் பக்கம், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு ஸ்பீக்கர் ஓடுகிறதா என்றே தெரியவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறை திரும்பவில்லை, ஸ்பீக்கர் திரும்பவில்லை, திரும்பியது நான் மட்டும்தான். வலது காதில் விரலை வைத்து அடைத்தேன். அந்த ஆளின் பேச்சு இரண்டு வீடு தள்ளி யாரோ வைத்திருக்கிற டிவி மாதிரி ஆனது. வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. விரலை எடுத்தேன், மறுபடி அடைத்தேன். எத்தனை தடவை அப்படிச் செய்தேனோ, டாக்டர் வந்து தோளைத் தொட்டார்.

"சார், தண்ணி குடிக்கறீங்களா?"

"நாளைக்கு வந்து முடிச்சுத் தரேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. டேப்பையும் டவலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போடவில்லை. என் தொழிலுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. இரண்டு காதுதான் முதல். அதில் ஒன்று எப்போது போனது? அடுத்த நிமிடம் வேறொன்று தோன்றி, அதைவிடப் பெரிய பயம் வந்தது. கொஞ்ச நாளாக எல்லா வீட்டிலும் பேச்சு வலது பக்கம் சாய்கிறது, நானும் இடதைக் கூட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்த வீடுகள்?

ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், எந்த வீட்டில் எந்த ஸ்பீக்கர் எங்கே என்று. பேச்சு சாயத் தொடங்கிய எட்டு மாதத்தில் பதினொரு வீடு. முதல் ஆளைக் கூப்பிட்டு, சோதித்துப் பார்க்க போனை இடது காதில் வைத்தேன். ஈ ரீங்காரம் மாதிரி ஏதோ கேட்டது. சட்டென்று வலதுக்கு மாற்றினேன். நான் போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். அதனால்தான் இத்தனை நாளும் தெரியவில்லை.

"பேச்சு எங்கேருந்து வருது? நடுவுலேருந்தா, இடது பக்கமா?" என்று கேட்டேன்.

"நட்ட நடுவுலதான் காதுக்காரரே. பிரமாதமா இருக்கு."

இரண்டாவது வீடும் அதையே சொன்னது. மூன்றாவதும் நான்காவதும் அதேதான். திருத்திக் கொடுக்கிறேன், மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத் தயாராக இருந்தவனுக்கு ஆளாளுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. காது கெட்டது உண்மை, மீட்டர் காட்டியது உண்மை. அப்புறம் எப்படி எல்லா வீடும் சரியாக இருக்கிறது?

ஐந்தாவது ஆள் பேக்கரிக்காரர். வெள்ளை மனசு, வாயில் ஒன்றும் நிற்காது.

"அதான் மேடம் சரி பண்ணிட்டுப் போனாங்களே சார்."

"எந்த மேடம்?"

"உங்க வீட்டம்மாதான். நீங்க சாமானை வண்டியில ஏத்தப் போனீங்களா, அவங்க சோபாவுல உக்காந்து ஒரு சின்ன மெஷினைப் பிடிச்சுப் பாத்து, லெஃப்ட்ட குறைச்சாங்க. அவர் முன்னாடி இதைப் பேசிக்க வேணாம்னாங்க. ஐயோ, நான் பேசிட்டேனா?"

போனை வைத்துவிட்டேன். முதலில் வந்தது நிம்மதி இல்லை, ஆத்திரம்தான். எட்டு மாதமாக நான் கண்ணை மூடிக்கொண்டு பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வெளியே போக, இவள் பின்னாலேயே வந்து அழித்து எழுதியிருக்கிறாள். ஊருக்கே தெரியும், நான்தான் கேனையன். வண்டியை எப்படி ஓட்டிக்கொண்டு வீடு சேர்ந்தேன் என்று தெரியாது.

அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பில் வெந்நீர்ப் பை வைத்திருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளா நடக்குது இந்த நாடகம்?"

"என்ன நாடகம்?"

"நான் வண்டிக்குப் போனதும் நீ இடது பக்கத்தைக் குறைக்கற நாடகம்."

மாட்டிக்கொண்டவள் முகமாக அது இல்லை. பதறிப் போனாள். "ஐயையோ! இன்னிக்கு நான் வரலையே. டாக்டர் வீட்டுல கண்டுபிடிச்சிட்டாங்களா? இந்தப் பாழாப்போன இடுப்பு வலியில எனக்கு அது தோணவே இல்லைங்க. நொண்டிக்கிட்டாவது வந்திருப்பேன்."

"அவங்க கண்டுபிடிச்சது கிடக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிடுச்சு!"

"உங்களுக்குத்தான் தெரியுமே" என்றாள்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே சொன்னேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு வீட்டு வேலைய முடிச்சுட்டு வரும்போது வண்டியில சொன்னேன், உங்க இடது காது சரியில்லைங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்னு. நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு ஓட்டினீங்க. அடுத்த வாரம் மறுபடி சொன்னேன். அப்பவும் பேசல. மூணாவது தடவை எனக்கு அழுகையே வந்துடுச்சு. சரி, இவருக்கு இதைப் பத்திப் பேச மனசு வரல, நாமளே பாத்துக்கலாம்னு நினைச்சேன். நீங்க எப்பவும் போல வேலை பண்ணுங்க, பின்னாடி நான் சரி பண்ணிடறேன், சம்மதம்னா ஒண்ணும் பேச வேணாம், சும்மா இருங்கன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் பேசல."

வண்டியில் அவள் உட்காருவது என் இடது பக்கம். பின்னால் பெட்டிகள் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும், என் பக்கத்து ஜன்னல் திறந்திருக்கும். இந்த எட்டு மாதமாக வண்டியில் இவள் வாயே திறப்பதில்லை, என்ன கோபமோ என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாமாகப் போய்க் கேட்பானேன் என்று நானும் முறுக்கிக்கொண்டு ஓட்டினேன்.

"எனக்கு அதுல ஒரு வார்த்தைகூடக் கேக்கல" என்றேன்.

அவள் சிரித்தாள், கேலி செய்கிறேன் என்று. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே நின்றது. இடுப்பு வலியை மறந்து எழுந்து உட்கார்ந்தாள். வெந்நீர்ப் பை தரையில் விழுந்தது, யாரும் எடுக்கவில்லை.

"கேக்கவே இல்லையா? மூணு தடவையும்?"

"மூணு தடவையும்."

"அப்போ எட்டு மாசமா டாக்டர்கிட்ட போகாம இருந்தது... நீங்க வேணாம்னுதான் இருக்கீங்கன்னு நான்..." இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் என்னிடம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அப்புறம் நான்தான் கேட்டேன். "வண்டியில வேற என்னெல்லாம் சொன்னே?"

"நிறைய" என்றாள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"எதுலேருந்து ஆரம்பிக்கட்டும்?"