வெள்ளணுக்கள் சொன்ன நேரம்

அக்கா புருஷனின் ரத்தத்தைத் தங்கையே பரிசோதிக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரி லேபில் அந்த மதியம் வேறு டெக்னீஷியன் இல்லை. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். வெள்ளணுக்கள் எக்கச்சக்கம். அரை மணி நேரத்து மாரடைப்புக்கு இத்தனை வராது. இன்னொரு தகடு போட்டு எண்ணினாள். அதே கணக்குதான்.

அரை மணி என்று சொன்னது மாமாதான். டீச்சரான அக்கா இரண்டு மணிக்கு வீடு திரும்பியபோது, இப்போதுதான் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். அக்கா கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் வண்டி பிடித்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். டாக்டரும் மளமளவென்று அடைப்பைத் திறந்துவிட்டார். சமயத்தில் கொண்டுவந்தாய் என்று சொந்தபந்தம் எல்லாம் அக்காவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் காலை தங்கை ஐ.சி.யூ.வுக்குப் போனாள். மாமா அவளை எப்போதும் ரத்தக்காட்டேரி என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கும் அப்படியே கூப்பிட்டார், குரல்தான் பாதியாகியிருந்தது. வலி எப்போது வந்தது என்று நேராகவே கேட்டாள்.

“காலையில எட்டு மணிக்கு. அவ ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன். போன மாசம்தான் என் வாயுவலிக்கு அவ லீவு போட்டா. அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். அவகிட்ட சொல்லிடாத.”

டாக்டரிடம் மட்டும் சொன்னாள். அப்படியென்றால் கஷ்டம்தான் என்று அவர் விளக்கினார். ரத்தமில்லாமல் பட்டினி கிடந்த இதயத்துக்கு ரத்தம் திரும்பும்போது வெள்ளணுக்களும் கூடவே பாய்ந்து வரும். செத்த தசையை அப்புறப்படுத்த வந்தவை பிழைக்கக்கூடிய தசையையும் சேர்த்துக் குதறும், நுண்ணிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். பட்டினி நீள நீள இந்தக் கேடும் கூடும். சொந்த உடம்பே இப்படிச் செய்வது என்ன நியாயமோ, அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் பகலில் மாமா போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கலைந்த பிறகு அக்கா அவளைப் பிடித்துக்கொண்டாள். அடைப்பைத் திறந்த பிறகும் ஏன் போனார் என்று ஒரே கேள்வி. தங்கை வெள்ளணுக்களின் கதையைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

“அப்போ ரத்தம் திரும்பி வந்ததுதான் அவரைக் கொன்னுச்சா? நான் கூட்டிட்டுப் போகாம இருந்திருந்தா இருந்திருப்பாரா?”

இல்லவே இல்லை, திறக்காவிட்டால் அன்றைக்கே போயிருப்பார் என்று தங்கை பதறினாள். அரை மணி நேரத்தில் இவ்வளவு எப்படிக் கெட்டது என்று அக்கா விடவில்லை. சிலருக்கு அப்படி ஆகும் என்று தங்கை மழுப்பினாள்.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “உனக்குச் சின்ன வயசுலேர்ந்து பொய் சொல்ல வராது. காலையிலயேவா?”

தங்கை பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

“நான் ஸ்கூலுக்குக் கிளம்பறப்போ அவருக்கு வேர்த்துக் கொட்டுச்சுடி,” என்றாள் அக்கா. “நான் பார்த்தேன். ஃபேனைக் கூட்டி வச்சுட்டுப் போனேன்.”