கோட்டுக் காலரில் தங்கிய மணம்

சலவைக்கடைக்காரருக்குச் சென்ட் என்றாலே ஆகாது. உடுத்தும் துணி சுத்தமாக இருந்தால் போதும், அதற்கு மேல் மணப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது அவருடைய கட்சி. அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகள் யாரும் சென்ட் பூசியதில்லை. அதைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வார்.

அப்படிப்பட்டவரிடம்தான் மகள் கல்யாணம் முடிந்த கையோடு சம்பந்தி ஒரு சென்ட் பாட்டிலை ஆசையாக நீட்டினார். மேசை நாற்காலிக் கடை வைத்திருப்பவர், தாராளக் கை. தானே அவர் சட்டைமேல் ஒருமுறை அடித்தும் விட்டார். மூக்கில் மிளகாய் நெடி ஏறியதுபோல் இருந்தது.

"இதெல்லாம் குளிக்க நேரமில்லாதவங்க போட்டுக்கிறது, சம்பந்தி" என்று சொல்லிவிட்டு, நாலு பேர் பார்க்க உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயை விடலாமா? விட்டாயிற்று. சம்பந்தி அன்றைக்குச் சிரித்து மழுப்பினார். அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. மகள்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் எல்லோரையும் இங்கே சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள் வருவார்கள், மாமாவுக்கு மட்டும் ஏதோ வேலையாம் என்று போனில் சொன்னபோது அவள் குரலே சரியாக இல்லை.

கடைக்கு வரும் துணி எதுவானாலும் காலரை அவரே முகர்ந்து பார்த்துத்தான் பிரித்துப் போடுவார். எதற்கு எப்படிச் சலவை என்று அவர் மூக்குதான் தீர்ப்புச் சொல்லும். வியாழக்கிழமை ஒரு சாம்பல் நிறக் கோட்டு வந்திருந்தது. வலது கையில் காபிக் கறை. காலரை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பழைய மர அலமாரியைத் திறந்தாற்போல ஒரு மணம். அதற்குள் காய்ந்த ஆரஞ்சுத் தோலின் வாசம் கொஞ்சம். சத்தம் போடாமல், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற மணம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் முகர்ந்தார்.

"கோட்டுக்காரர் நல்ல குடும்பத்து மனுஷனா இருக்கணும்" என்றார், கல்லாவில் இருந்த மனைவியிடம்.

"நல்ல குடும்பம்தாங்க. நம்ம பொண்ணையே கொடுத்திருக்கோமே. மாப்பிள்ளை காலையில வந்து கொடுத்துட்டுப் போனார், அவங்க அப்பாவோடது."

அதே சென்ட்டா என்று கேட்டார். சம்பந்தி என்றைக்கு அதை மாற்றினார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அடித்தவுடன் அது அப்படித்தான் ஏறும், அன்றைக்குச் சட்டையைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போனார். மிஷினில் போட்டால் கறையோடு மணமும் போய்விடும். போகத்தான் வேண்டும், தொழில் அதுதான். ஆனாலும் கை வரவில்லை. கறை பட்ட இடத்தை மட்டும் பலகைமேல் விரித்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். காலரில் ஆவி படாமல் இஸ்திரி போட்டார்.

மறுநாள் தானே எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த சம்பந்தி "வாங்க" என்றதோடு சரி. உறையைப் பிரித்ததும் மணம் எழுந்தது. சம்பந்தியின் முகம் இறுகியது.

"துவைக்கவே இல்லையா?"

மன்னிப்பு என்ற சொல் சலவைக்கடைக்காரரின் வாயில் என்றைக்கும் நுழைந்ததில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"கறையை எடுத்துட்டேன், சம்பந்தி. வாசனையை எடுக்க மனசு வரல."

சம்பந்தி கோட்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அப்ப நான் குளிக்கிறவன்தான்னு ஒத்துக்கிறீங்க?"

"என் மூக்கு பொய் சொல்லாது. வாய்தான் அன்னிக்கு அவசரப்பட்டுடுச்சு."

சம்பந்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரை உட்காரவைத்து, காபி கொண்டு வரும்படி உள்ளே குரல் கொடுத்தார். அதே மூச்சில், ஞாயிற்றுக்கிழமை தனக்கு எந்த வேலையும் இல்லை என்று மருமகள் காதில் விழும்படி சொன்னார்.

மகள் காபி கொண்டு வந்தாள். இரண்டு டம்ளரிலும் சர்க்கரை போட மறந்திருந்தாள். அப்பாவும் மாமனாரும் அதைப் பற்றி மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்கள்.