யாரும் ஊற்றாத தண்ணீர்

மார்ச் 9, திங்கள். இன்று ஒரு சிறிய தவறு. தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதை எழுத மறந்திருக்கிறேன். காலையில் தொட்டுப் பார்த்தபோது மண் சொதசொதவென்று இருந்தது. ஆகவே நான்தான் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றிய ஞாபகம் மட்டும் இல்லை.

எழுதி முடித்துவிட்டு அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் பகல் முழுக்க யார் முகத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று அளப்பவள். அளவு தவறினால் தூக்கம் வராது. அப்படிப்பட்டவளுக்கு, தண்ணீர் ஊற்றியது நினைவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தாள். படுக்கை கூடத்தில், துணிகள் அக்காவின் அலமாரியில் ஒரு தட்டில். அவளுக்கென்று இருந்தது பால்கனி மட்டும். அதுவும் இந்த ஞாயிறு வரைக்கும்தான். அத்தான் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள் கூடத்து ஜன்னலோரம் நின்று எல்லார் கால் விரலையும் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பால்கனிக்குத் தள்ள வேண்டும் என்பது அத்தானின் திட்டம். அங்கேயோ அவளுடைய தொட்டிகள் வரிசை கட்டி நின்றன. தக்காளி, பீன்ஸ், கத்தரி, ஓரத்தில் செண்டுமல்லி. ஒவ்வொன்றிலும் பச்சைப் பெயின்ட் அடித்துப் பெயர் எழுதிய குச்சி உண்டு. விதைத்த விதையிலிருந்து செடிதான் வரவில்லை.

போன வாரமே சாப்பாட்டு மேசையில் அத்தான் தீர்ப்புச் சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பச்சை தெரிஞ்சா பால்கனி உனக்கு. இல்லேன்னா என் சைக்கிளுக்கு."

"குச்சியும் பச்சைதானே அத்தான்."

"பெயின்ட் கணக்குல வராது. தையல் கிளாஸ் போன, ஒரு தலையணை உறையோட நின்னுச்சு. கீபோர்டு கிளாஸ் போன, பக்கத்து வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போனாரு. இப்போ மண்ணு கிளாஸ். பாப்போம்."

கொழுந்தியாளைச் சீண்டுவது அத்தானின் அன்றாடக் கடமைகளில் ஒன்று. அவளும் பதிலுக்குப் பதில் கொடுப்பவள்தான். ஆனால் அந்தத் தலையணை உறை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எதையும் முடிக்காதவள் என்று அவள் தன்னைப் பற்றித் தனக்குள் நினைத்துவந்ததை அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

செவ்வாயன்று அவள் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஊற்றவில்லை என்று எழுதியும் வைத்தாள். புதன் காலையில் மண் மறுபடி ஈரம். தூக்கத்தில் எழுந்து ஊற்றுகிறோமோ என்று சந்தேகப்பட்டு, தன் செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். அடி காய்ந்திருந்தது.

அன்று மாலை தோட்டம் போடும் வகுப்பு. பள்ளிக்கூடத்தின் ஓவிய அறையில், முழங்கால் இடிக்கும் குட்டைப் பெஞ்சுகளில். நடத்துபவள் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் பெண். இவள் வயதுதான் இருக்கும். எல்லாரும் மண்புழு என்றே கூப்பிட்டார்கள், அவளுக்கும் அதில் பெருமைதான். இவள் பையில் கொண்டுபோன மண்ணை மண்புழு உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தாள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது.

"ஏம்மா, விதை போட்டிருக்கியா, மீன் வளர்க்கிறியா?"

வகுப்பு சிரித்தது. "நான் ரெண்டு நாளா ஊத்தவே இல்லைங்க," என்றாள் இவள்.

"விதையும் மூச்சு விடணும்ல. மண்ணு இடுக்கு பூரா தண்ணி நின்னா அழுகிடும். விரலை உள்ள விட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து. ஈரமா இருந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லு." மண்புழு கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ ஊத்தலன்னா, உங்க வீட்ல வேற யாருக்கோ பாசம் பொங்குது."

வியாழன் விடியற்காலையில் அவள் பால்கனித் திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். முதலில் அக்கா செம்போடு வந்தாள். தொட்டி தொட்டியாக ஊற்றிவிட்டு, தக்காளியிடம் குனிந்து, "சீக்கிரம் வா கண்ணு, என் தங்கச்சி மானத்தைக் காப்பாத்து," என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போதே அத்தான் வந்தார். தோளில் துண்டு, கையில் குளியலறைக் குவளை நிறையத் தண்ணீர்.

அவளுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பந்தயத்தில் ஜெயிக்க விதையை மூழ்கடிக்கிறாரா மனிதர்?

"என்ன அத்தான் பண்றீங்க?"

குவளை சாய்ந்து அவர் காலிலேயே கொட்டியது. "சும்மா... காத்து வாங்க."

"குவளையோடவா?"

அவர் துண்டால் காலைத் துடைத்தார். அவளைப் பார்க்காமலே துடைத்தார். "அன்னைக்கு விளையாட்டா ஏதோ சொல்லிட்டேன். நீ பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிட்ட. ஒரு முளையாவது வரட்டுமேன்னு தினம் கொஞ்சம்..."

"கொஞ்சமா?"

"ரெண்டு குவளை."

சத்தம் கேட்டு வந்த அக்கா இடுப்பில் கை வைத்தாள். "நீங்களும் ஊத்துறீங்களா?"

"நீங்களும்னா? அப்போ நீ?"

தங்கை பீன்ஸ் தொட்டிக்குள் விரலை விட்டு ஒரு விதையை எடுத்தாள். கொழகொழவென்று நசுங்கி, மூக்கைப் பிடிக்கும் நாற்றத்தோடு வந்தது. எந்தத் தொட்டியைக் கிளறினாலும் அதே நாற்றம்.

"மூணு பேரும் சேர்ந்து நல்லா வளர்த்தோம்," என்றாள் அக்கா. அத்தான் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை அவளே சொன்னாள். "சைக்கிளைத் தள்ளுங்க அத்தான். பச்சை இல்ல."

"அடுத்த வாரம் பாத்துக்கலாமே. தப்பு எங்க மேலதான்."

"வேணாம். சொன்னது சொன்னதுதான்."

அவள் பால்கனியில் குச்சிகளைப் பிடுங்கத் தொடங்கினாள். கத்தரிக் குச்சியில் கை வைத்தபோது கூடத்திலிருந்து அத்தான் குரல் வந்தது. "இங்க வா. இது என்னன்னு பாரு."

சைக்கிளை அவர் நகர்த்திய இடத்தில், ஜன்னலோரமாக, விரிசல் விட்ட ஐஸ்கிரீம் டப்பா ஒன்று இருந்தது. விதைத்த அன்று மீந்த ஈர மண்ணையும் தக்காளி விதைகளையும் அதில் போட்டு, கண்ணாடி போன்ற மூடியை லேசாக மூடி, 'மிச்சம்' என்று எழுதி ஒதுக்கி வைத்தவள் அவளேதான். மிச்சத்துக்கு அவளுடைய குறிப்பேட்டில் இடம் கிடையாது; அதனால் மறந்தும் போனாள். இப்போது மூடியை முட்டிக்கொண்டு, கழுத்தை ஜன்னல் பக்கம் வளைத்து, இரண்டிரண்டு இலைகளோடு சில முளைகள் நின்றன.

"இதுக்கு மட்டும் எப்படி யாரும் தண்ணி ஊத்தல?" என்றார் அத்தான்.

"சைக்கிள் பக்கம் யாரு போறா?" என்றாள் அக்கா. "வாங்கினவரே போறதில்ல."

அத்தான் குனிந்து, முளைகளை நீதிபதி தோரணையில் பார்த்தார். "கொஞ்சம் சோகை பிடிச்ச பச்சை. ஆனாலும் பச்சைதான்." சைக்கிளைப் பழைய இடத்துக்கே தள்ளினார், தள்ளும்போது கால் விரலை இடித்துக்கொண்டார். அவள் பால்கனிக்குத் திரும்பி, பிடுங்கிய குச்சிகளில் தக்காளிக் குச்சியை மட்டும் தேடி எடுத்தாள்.

மார்ச் 15, ஞாயிறு. திங்களன்று எழுதியதில் ஒரு திருத்தம்: தண்ணீர் ஊற்றியது நான் இல்லை. தக்காளி, நான்கு முளைகள். ஐந்தாவது முளையா களையா என்று சந்தேகம். நாளைய வேலை: டப்பாவைப் பால்கனியில் இளவெயில் படும் இடத்தில் வைப்பது. விரல் விட்டுப் பார்ப்பது. ஈரமாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. அதற்கு முன், குளியலறைக் குவளையை ஒளித்து வைப்பது.