முருங்கைப் பிசின்

சேக்காட்டில் நாகம்மா வீட்டுப் பின்பக்கத்து முருங்கை மரத்துக்கு எங்கிருந்தோ ஒரு குரங்கு வந்து சேர்ந்தது. வடகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த வகைக் குரங்கு இல்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். பின்தெரு அடுக்குமாடியில் யாரோ ஆசைக்கு வாங்கி வைத்திருந்தது தப்பி வந்திருக்கும் என்று பேச்சு. தேடிக்கொண்டு யாரும் வரவில்லை.

"குட்டிமே. ஆத்தாள உட்டுட்டு வந்துகீது," என்றான் அவள் புருஷன் கோதண்டம், குரங்கைப் படித்துப் பட்டம் வாங்கியவன் மாதிரி.

பிள்ளையில்லாத வீடு. குட்டி என்று காதில் விழுந்ததுமே நாகம்மா இளகிவிட்டாள். கொட்டாங்கச்சியில் பால் வைத்தாள், பூவன்பழம் வைத்தாள். எதிர்வீட்டு சரசா சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கென்று ஒரு வடையை மரத்தடியில் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வடைக்குப் பக்கத்தில் ஆஞ்சநேயர் சிறுத்துத் தெரிந்தார். குரங்கு பழத்தை ஒரு கடி கடித்துவிட்டு மேலே போய்விட்டது.

மத்தியானத்தில் தெரு அடங்கியதும் நாகம்மா மரத்தடியில் முந்தானையை விரித்துப் படுப்பாள். தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத நேரம் அது. பருந்தின் நிழல் தரையில் ஓடினால் குரங்கு பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு மூச்சுக்கூட விடாது. நிழல் போனதும் தலையை மட்டும் முதுகுப்பக்கம்வரை திருப்பிப் பார்க்கும். பிறகு கூப்பிடும். பறவையா பூச்சியா என்று சொல்ல முடியாத மெல்லிய குரல். கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும். அப்போது முருங்கைக்குப் பின்னால் இன்னொரு மரம், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று ஒரு காடே எழும்பி வரும் அவளுக்கு. எங்கேயோ மழை கொட்டுகிற சத்தம் கேட்கும். கண்ணைக் கசக்கிப் பார்த்தால் தெருவில் தண்ணீர் லாரி ஒழுகிக்கொண்டு போகும்.

மரத்துக்குத்தான் புதிதாக ஒரு சீக்கு. பட்டையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஓட்டைக்கு ஓட்டை பிசின். வண்டு துளைக்கிறது என்று நினைத்தாள் நாகம்மா. தினமும் குழம்புக்குக் காயும் பொரியலுக்குக் கீரையும் கொடுக்கிற மரத்தைச் சும்மா விட முடியுமா? காலையில் எழுந்ததும் பிசினைச் சுரண்டி எறிந்துவிட்டு, ஓட்டைகளில் சுண்ணாம்பைக் குழைத்து அப்பினாள். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

குரங்கு இளைத்துக்கொண்டே போனது. கூப்பிடுவதும் குறைந்தது.

"இன்னாய்யா இது, வளரவும் மாட்டேங்குது, துன்னவும் மாட்டேங்குது. பூடுமோன்னு பயமா கீதுய்யா."

"பாலக் காச்சி ஆறவெச்சிக் குட்த்துப் பாருமே," என்றான் கோதண்டம்.

ஆறவைத்த பாலோடு வந்தபோதுதான் பார்த்தாள். குரங்கு தலைகீழாகத் தொங்கியபடி சுண்ணாம்பை நக்கியது, துப்பியது, தள்ளாடி அடுத்த வெள்ளைப் பொட்டுக்குப் போனது. அங்கும் நக்கித் துப்பியது. வண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தச் சின்னப் பற்கள்தான். பட்டையைக் குடைந்துவிட்டுப் போய், பிசின் ஊறியதும் திரும்பி வந்து நக்கிப் பிழைக்கிற பிழைப்பு அதனுடையது. அந்தச் சோற்றைத்தான் அவள் தினமும் சுரண்டி எறிந்திருக்கிறாள்.

"பாவி, நானே பட்னி போட்டுகீறனே," என்று வாய்விட்டு அழுதாள். கத்தியை எடுத்துச் சுண்ணாம்பையெல்லாம் பெயர்த்தாள். யாராவது ஒரு கொம்பை ஒடித்தாலே தெருவை ரெண்டாக்குகிறவள், தன் மரத்தைத் தானே ஆழமாகக் கீறினாள். பிசின் என்ன குழாய்த் தண்ணீரா, உடனே வர? மறுநாள் விடிந்த பிறகுதான் கீறலில் ஒரு சொட்டு கட்டி நின்றது. குரங்கு மெதுவாக இறங்கி வந்து, பக்கத்தில் ஆள் நிற்பதையும் மறந்து நக்கியது. நாகம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

தெம்பு வந்ததும் மறுபடி கூப்பிட ஆரம்பித்தது. நாளெல்லாம் கூப்பிட்டது. எந்தப் பக்கத்திலிருந்தும் பதில் வராததை அவளால் தாங்க முடியவில்லை. அவளே கோதண்டத்திடம் சொல்லி வனத்துறைக்குப் போன் போடவைத்தாள்.

வந்த அதிகாரி அதைப் பிடித்துக் கூண்டில் விட்டுப் பார்த்தார். "இது குட்டி இல்லம்மா. இதோட வளர்த்தியே இவ்வளவுதான். கடல் தாண்டி மழைக்காட்டுல கூட்டமா வாழறது. பொண்ணு. மனுஷக் கணக்குல உங்க வயசு இருக்கும். இந்த மாதிரி பிடிச்சது இன்னும் சிலது எங்ககிட்ட இருக்கு, அதுங்களோட விட்டுடறோம்."

நாகம்மா கூண்டுக்குள் குனிந்து பார்த்தாள். இத்தனை நாள் குழந்தை என்று கொஞ்சியது தன் வயசுக்காரியை.

"அங்க முருங்க மரம் கீதா சார்?"

"பார்த்த ஞாபகம் இல்லம்மா."

விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். காய் தொங்குகிற நல்ல கொம்பாகப் பார்த்து வெட்டி ஜீப்பில் சாத்தினாள். "நட்டா புட்சிக்கும் சார். தண்ணி மட்டும் ஊத்து." சொல்லிவிட்டு, அந்தக் கொம்பு வேர் பிடிக்கிறவரை குரங்கு பசி தாங்க வேண்டுமே என்று இன்னொரு கொம்பை வெட்டினாள். அப்புறம் இன்னொன்று. மரம் மொட்டையாகிக்கொண்டே வந்தது.

"இன்னாமே, கொயம்புக்கு ஒண்ணுகூட உடமாட்டியா?" என்று பதறினான் கோதண்டம்.

"நாம கடைல வாங்கிக்கலாம்யா," என்றாள் நாகம்மா, கத்தியைக் கீழே வைக்காமல். "அவ எங்க போயி வாங்குவா?"