சந்துக்குத் திரும்பிய சக்கரப் பட்டறை

கணவர் இறந்த பிறகு, மருத்துவமனைக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் பட்டறையை அவள்தான் நடத்திவந்தாள். சந்தில் எல்லோருக்கும் அவள் சக்கரக்காரம்மா. இடப்பக்கம் கடைசல் பட்டறை, வலப்பக்கம் முலாம் பூசுகிறவர், எதிரே ரப்பர் வார்ப்பவர். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும்.

"அண்ணி, இங்க மூச்சு விடக்கூட இடமில்ல. ஊருக்கு வெளியே பெரிய கொட்டகை பாத்து வச்சிருக்கேன், போயிடலாம்" என்று கொழுந்தன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவளும் தலையாட்டினாள்.

கொட்டகை என்னவோ விசாலம்தான். பேசினால் எதிரொலித்தது. ஆனால் போன கொஞ்ச நாளிலேயே வார்ப்பு அச்சு விரிசல் விட்டது. சந்தில் என்றால் சுவரைத் தட்டினால் போதும், கடைசல்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பார். இங்கே அச்சைச் சாக்கில் சுற்றி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குள் அவரிடம் போனாள். அதைச் சரிசெய்து திரும்பினால், முலாமுக்கு அனுப்பிய தகடுகள் வந்தபாடில்லை. தூரம் தாங்காமல் ஆட்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போயிற்று.

"திரும்பிடலாம்ப்பா" என்றாள்.

"ஊரே சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும். வேலை நடந்தா சரி."

கொட்டகையை ஒரு கோழிப்பண்ணைக்காரர் தலையில் கட்டிவிட்டு, பழைய இடம் கைமாறிவிட்டதால் அதே சந்தில் கடைசல் பட்டறையின் மாடியைப் பிடித்தார்கள். கொழுந்தன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வேலை பார்த்தான்.

சக்கரம் கிறீச்சிடுகிறது என்று மருத்துவமனையிலிருந்து வந்த புகாரை அவள் ஒரு நாள் சந்து டீக்கடையில் புலம்பித் தீர்த்தாள்.

"விளிம்பைக் கொஞ்சம் உருட்டி வார்த்துப் பாப்போமே" என்றார் ரப்பர்காரர். முலாம்காரர் அச்சாணிக்கு வேறு பூச்சு சொன்னார். சாயங்காலத்துக்குள் மாதிரிச் சக்கரம் தயார். தரையில் பூனை நடப்பதுபோல் ஓடியது. கைவிட்டுப் போன அதே வெளிநாட்டுக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். பக்கத்துப் பட்டறைகளும் புதிதாக ஆள் எடுத்தன.

ஏற்றுமதி கூடி நாடு முன்னேறுகிறது என்று ஒரு நாள் வானொலியில் செய்தி வாசித்தார்கள். கொழுந்தன் ஒருவழியாக வாயைத் திறந்தான்.

"அண்ணி, நம்மளத்தான் சொல்றாங்க!"

"நம்மள மட்டுமா? இந்தச் சந்து மொத்தத்தையும் சொல்றாங்க. முதல்ல போய் லாரியைப் பாரு. உள்ள வர முடியாம முக்குலயே நிக்குது."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் அடுத்த பெட்டிக்கு ஆணி அடிக்க உட்கார்ந்தாள்.