அருகில் இருப்பவர்

எங்கள் அலுவலகத்துக்கு இயந்திரங்கள் மொட்டைக் கடுதாசி போடும். ‘சூடு ஏறுகிறது’, ‘மின்சாரம் இல்லை’, ‘பதில் இல்லை’. எந்தத் தெரு, எந்த மாடி என்று ஒரு வார்த்தை இருக்காது. மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான் என்றால், எந்தத் தாதன், எந்தக் குட்டை என்று யாராவது சொல்லியாக வேண்டுமல்லவா? அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வங்கிக் கிளைகள், ஆய்வுக்கூடங்கள், பெரிய கடைகள் இவற்றின் கணினி அறைகளை நாங்கள் இங்கிருந்தே கண்காணிக்கிறோம். ஒவ்வோர் இயந்திரமும் எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில், எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதையெல்லாம் நான் முன்கூட்டியே ஏற்றி வைத்திருப்பேன். எச்சரிக்கை வந்ததும் அந்த விவரம் தானாக அதோடு ஒட்டிக்கொள்ளும். கூடவே, ‘அருகில் இருப்பவர்’ என்று ஒரு பெயர் விழும். அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பழுதுபார்ப்பவரின் பெயர் அது. அவர்கள் அலுவலகத்துக்கு வருவதில்லை, வீட்டிலிருந்தே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். வீட்டிலிருந்து போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகலாம் என்று கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் அந்த வரி சிவப்பாகிவிடும்.

அப்படி ஓடுகிறவர்களில் ஒருவர் என் கணவர்.

எங்கள் பொறுப்பாளர் அம்மாவுக்குச் சல்லடை என்று பெயர். எதுவும் அவரிடம் சிக்காமல் கீழே விழாது. அன்று காலை என் மேஜைக்கே வந்துவிட்டார்.

“உன் வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு? நேத்தும் சிவப்பு. உங்க பக்கத்துத் தெரு ஆய்வுக்கூடம். நடந்து போயிருந்தாக்கூட நேரத்துக்குப் போயிருக்கலாம்.”

“தெரியலை மேடம்.”

“மேலேர்ந்து கேக்குறாங்க. இந்த வாரத்துக்குள்ள சரியான காரணம் சொல்லலைன்னா ஆளை எடுத்துருவாங்க. விலாசம் தப்பா இருக்குமோன்னு ஒருத்தர் கேட்டாரு. நான்தான் வாயை அடைச்சேன். கட்டின பொண்டாட்டி ஏத்தின விலாசமாச்சே, அது எப்படிய்யா தப்பாகும்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் அது பாட்டுக்குச் சிரித்தது, நான் அதில் சேரவில்லை.

விலாசம் தப்புதான். மழை தொடங்கிய சமயத்தில் அவர் வீட்டை விட்டுப் போய்விட்டார். பெரிய சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். எங்களுக்குள் பேச்சு குறைந்து, குறைந்து, கடைசியில் ‘கேஸ் தீர்ந்துடுச்சு’, ‘சொல்லிட்டேன்’ என்ற அளவில் வந்து நின்றது. பிறகு அதுவும் நின்றது.

ஊரார் விலாசமெல்லாம் அன்றன்றைக்கே மாற்றுகிற நான் இதை மாற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். திரையில் என் வீட்டுக்கு நேராக அவர் பெயர் நிற்கும். பார்ப்பேன், அடுத்த வரிக்குப் போவேன். வருத்தமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் யாருடையதோ போல இருக்குமே, அப்படி இருந்தது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“சொல்லு.”

“எங்க இருக்கீங்க?”

“வங்கியில. பேட்டரி மாத்திட்டு இருக்கேன்.”

“அது தெரியும், அங்க அனுப்பினதே நாங்கதானே. குடியிருக்கிறது எங்கன்னு கேக்குறேன்.”



“அக்கா வீட்டு மாடியில. ஏன்?”

“வேலையை விட்டு எடுக்கப் போறாங்க. நீங்க நம்ம வீட்டிலேர்ந்து கிளம்புறதாத்தான் கணக்கு ஓடுது. நீங்க ஆத்தைத் தாண்டி வர்றது யாருக்கும் தெரியாது.”

“ம்.”

“தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை?”

“நீயே மாத்திடுவேன்னு நினைச்சேன். நம்ம வீட்டுப் பக்கத்திலேர்ந்து அலாரம் வரும்போதெல்லாம், சரி, இன்னும் மாத்தலை போலன்னு வண்டியை எடுப்பேன்.”



“இப்ப மாத்தியாகணும்,” என்றேன். “வேற வழியில்லை.”

“சரி, எழுதிக்க.”

நாத்தனார் வீட்டு விலாசம் எனக்கு மனப்பாடம். இருந்தாலும் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

“ம்.”

வைத்துவிட்டார்.

விலாசத்தை ஏற்றியதும் திரை என்னைக் கேள்வி கேட்டது: தற்காலிகமா, நிரந்தரமா? தற்காலிகம் என்றால் பழைய கணக்கு அப்படியே கிடக்கும், சிவப்பும் போகாது. நிரந்தரம் என்று போட்டு, எந்த நாளிலிருந்து என்று சொன்னால்தான் அன்று முதல் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிடும். அவர் வேலை பிழைக்க வேண்டுமானால் அது ஒன்றுதான் வழி.

எந்த நாள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டை விட்டுப் போன அன்று குழாய் ரிப்பேருக்கு ஒருவர் வந்திருந்தார். இவர் ஏதோ வெளியூர் போகிறார் என்று நினைத்து, பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்து, “நல்லபடியா போயிட்டு வாங்க சார்” என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

நிரந்தரம் என்று அழுத்தினேன். சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் ஒரு தடவையும் தாமதமாக வந்ததே இல்லை.

பின்னால் சல்லடை நின்றுகொண்டிருந்தார். “அடேயப்பா, ஆத்துக்கு அந்தப் பக்கத்திலேர்ந்தா இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காரு? பறந்துல்ல வந்திருக்கணும்!” என்றவர், அதற்குக் கீழே இருந்த வார்த்தையையும் தேதியையும் படித்தார்.  என் தோளில் கை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

நான் கிளம்பப் பையை எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை வந்தது. மின்சாரம் இல்லை. விவரங்கள் வழக்கம்போல வந்து ஒட்டிக்கொண்டன. எங்கள் தெருமுனை வங்கிக் கிளை, முதல் மாடி, இடது பக்கக் கதவு, சாவி காவலாளியிடம்.

அருகில் இருப்பவர்: யாருமில்லை.

அப்போதுதான் வலித்தது. அழுதேன். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, யாரால் போக முடியும் என்று ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கேட்க ஆரம்பித்தேன்.